எறும்புக்கு வீடு பார்த்த கதை

எறும்பு இதுவரை எந்த மனிதனிடமும் போய் வீடு கேட்டதில்லை. இருந்தும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டாக்டர், பேங்கர், மிஷனரி அம்மாள், இன்ஜினீயர், பொம்மை வியாபாரி என்று ஒருவர் மாற்றி ஒருவர், அதற்கு வீடு கட்டித் தந்தே தீருவேன் என்று முந்நூற்றைம்பது வருடங்களாக ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார்கள். மண் நிரப்பிய தட்டில் ஆரம்பித்து, கண்ணாடி ஜாடி, ஜன்னல் கண்ணாடி, ஜிப்சம், பிளாஸ்டிக் என்று போய்க் கடைசியில் விண்வெளி ஓடத்தில் ஏற்றிவிட்டார்கள். எறும்பின் கோரிக்கை அன்றும் இன்றும் இரண்டே இரண்டு: இருட்டு வேண்டும், ஈரம் வேண்டும். மனிதன் பக்கமும் இரண்டுதான்: நான் பார்க்க வேண்டும், நீ ஓடக்கூடாது. எல்லாத் தகராறும் இந்த நான்கையும் ஒரே பெட்டிக்குள் திணிக்கப் பார்த்ததால் வந்தது.

முதலில் மாட்டியவர் யான் சுவாமர்டாம். 17-ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாம்காரர். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். மகன் டாக்டருக்குப் படித்துவிட்டு நாலு காசு சம்பாதிப்பான் என்று காத்திருந்தார். மகனோ நோயாளிகளைத் தொடாமல் பூச்சிகளை அறுத்துக்கொண்டிருந்தார். தேனீக் கூட்டத்துக்கு ஒரு ராஜா உண்டு என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தபோது, அந்த ராஜாவைப் பிளந்து உள்ளே சூலகத்தைக் காட்டி, பட்டத்தில் இருப்பது அம்மாள் என்று நிரூபித்தவர் அவர். அப்பாவுக்கு இதில் என்ன பெருமை இருந்திருக்கும்! பணம் அனுப்ப மாட்டேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தார்.

இந்த மகன் ஒரு பாத்திரத்தில் மண்ணைப் போட்டு எறும்புகளைக் குடிவைத்தார். சுற்றிலும் மெழுகால் ஒரு வாய்க்கால் கட்டித் தண்ணீர் ஊற்றினார். நம் வீடுகளில் அல்வாத் தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவில் வைப்போமே, எறும்பு உள்ளே வரக் கூடாதென்று. சுவாமர்டாம் அதே அகழியை எறும்பு வெளியே போகக் கூடாதென்று வெட்டினார். யோசனை அருமைதான். ஆனால் தண்ணீர் வற்றும், அதன்மேல் தூசு படியும், தூசு படிந்த இடம் பாலமாகும். தினமும் ஒருவர் காவல் இருந்தாக வேண்டும். இப்படிப் பார்த்துப் பார்த்து எழுதியதெல்லாம் அவர் 43 வயதில் செத்துப்போய் அரை நூற்றாண்டு கழித்துத்தான் முழுசாக அச்சேறியது.

அடுத்து பிரான்ஸில் ரியோமூர். வெப்பமானிக்குத் தன் பெயரில் ஓர் அளவுகோல் வைத்துக்கொண்ட பெரிய மனிதர். பூச்சிகளைப் பற்றி ஆறு தடித்த தொகுதிகள் போட்டார். அவர் நம்பியது கண்ணாடி ஜாடியை. இன்றைக்கும் எறும்பு வளர்க்கப் புறப்படுகிறவர் கை முதலில் ஜாம் பாட்டிலுக்குத்தான் போகிறது. அதில் ஒரு சங்கடம். பாட்டில் நிறைய மண்ணைக் கொட்டினால் எறும்பு வெளிச்சம் படாத நடுவில் போய் அறை தோண்டிக்கொள்ளும். வெளியே இருப்பவர் மாதக்கணக்கில் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெரிய பாட்டிலுக்குள் ஒரு சின்ன பாட்டிலைக் கவிழ்த்து வைத்து, இடையில் இருக்கும் சந்தில் மட்டும் மண்ணைப் போட்டால் எறும்புக்கு நடு என்பதே கிடையாது, கண்ணாடி ஓரமாகத்தான் வந்தாக வேண்டும். எறும்பைப் பற்றி ரியோமூர் எழுதிய கைப்பிரதியும் யார் கண்ணிலும் படாத நடுப்பகுதியில்தான் போய்ப் பதுங்கியது. பாரிஸில் அவருடைய காகிதக் கட்டுகளுக்குள் கிடந்ததை வீலர் என்ற அமெரிக்க எறும்பு நிபுணர் எடுத்து 1926-இல் அச்சிட்டார். ரியோமூர் காலமானது 1757-இல்.

ஜெனீவாவின் பியேர் ஹூபர் வேறு ரகம். அப்பா பிரான்சுவா ஹூபர் கண் தெரியாதவர். ஆனாலும் வேலைக்காரர் பர்னன்ஸைப் பார்க்கச் சொல்லி, கேள்விகளைத் தான் கேட்டு, தேனீயைப் பற்றி அந்தக் கால ஐரோப்பாவிலேயே உருப்படியான புத்தகத்தை எழுதியவர். புத்தகம்போல ஏடு ஏடாகத் திறக்கும் தேன்கூட்டுப் பெட்டியும் அவர் செய்ததுதான். அப்பேர்ப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளை சும்மா இருக்குமா? தேனீயை அப்பா எடுத்துக்கொண்டார், நமக்கு எறும்பு என்று பெரிய கண்ணாடிக் கூடு ஒன்றைத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார். அகழித் தண்ணீர் இங்கேயும் உண்டு.

ஒரு ஏப்ரலில் காட்டிலிருந்து ஒரு புற்றையே அள்ளிக்கொண்டு வந்தார். ஆட்கள் அதிகமாகிவிட்டதால் ஒரு பகுதியைத் தோட்டத்தில் விட்டார். அவை ஒரு மரத்தடியில் குடியேறின. மீதி நாலு மாதம் அறைக் காவலில். பிறகு, பாவம் கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று கூட்டைத் தூக்கித் தோட்டத்தில் அந்த மரத்துக்குப் பத்துப் பதினைந்து தப்படி தள்ளி வைத்தார். வைத்தவர் தண்ணீர் மாற்ற மறந்துபோனார். கைதிகள் வெளியே வந்தன. மரத்தடிக்காரர்களை வழியில் சந்தித்தன. நாலு மாதப் பிரிவு! உணர்கொம்பால் தடவி அடையாளம் கண்டுகொண்டு, ஆளுக்கு ஆள் வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டின. சேதி பரவி மரத்தடிக் கும்பல் மொத்தமும் திரண்டு கண்ணாடிக் கூட்டுக்கே வந்து, மீதி இருந்தவர்களையும் மீட்டுக்கொண்டு போனது. சில நாட்களில் ஹூபரிடம் இருந்தது காலி வீடு. தன் கவனக்குறைவை அவரே புத்தகத்தில் எழுதி, அதை ஒரு கண்டுபிடிப்பாகவும் மாற்றிவிட்டார்: எறும்பு சொந்தக்காரர்களை மறப்பதில்லை. தப்பித்துப்போன கைதியை வைத்துச் சிறை அதிகாரி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியது அநேகமாக இந்தத் துறையில் மட்டும்தான் நடக்கும்.

அதே ஹூபர்தான் 1804-இல் அடிமை பிடிக்கும் எறும்புகளைக் கண்டுபிடித்தவர். பெயர் அமேசான் எறும்பு. மற்ற எறும்புகளின் புற்றில் கொள்ளையடித்துக் கூட்டுப்புழுக்களைத் தூக்கிவந்து, அவை பொரிந்ததும் வீட்டு வேலையை அவற்றின் தலையில் கட்டிவிடும். ஹூபர் முப்பது எஜமானர்களை மட்டும் ஒரு பெட்டியில் அடைத்து, தேனும் வைத்து, அவற்றின் குஞ்சுகளையும் கூடவே வைத்தார். எதிரில் தேன் இருக்க, எடுத்து உண்ணத் தெரியாமல் பாதிக்கு மேல் பட்டினியில் செத்தன. பிறகு ஒரே ஒரு வேலைக்காரியை உள்ளே விட்டார். அது வந்தது, சாப்பாடு ஊட்டியது, குஞ்சுகளைக் கவனித்தது, அறையும் தோண்டியது. டார்வின் தன் புத்தகத்தில் இதை எடுத்துச் சொல்லி வியக்கிறார். அந்தக் காலத்துச் சீமான் வீடுகளில் எத்தனையில் இதே பரிசோதனையைச் செய்திருக்கலாம் என்பதை அவர் சொல்லவில்லை.

டார்வின் என்றதும் லப்பக் வந்துவிட வேண்டும். 1842-இல் எட்டு வயது ஜான் லப்பக்கிடம் அப்பா, உனக்கொரு நல்ல செய்தி என்றார். பையன் குட்டிக் குதிரை என்று நினைத்துவிட்டான். செய்தி, பக்கத்தில் சார்ல்ஸ் டார்வின் குடிவருகிறார் என்பது. பையனுக்குப் பெரிய ஏமாற்றம். வளர்ந்து குடும்ப பேங்கைப் பார்த்துக்கொண்டார், பாராளுமன்றத்துக்குப் போனார், 1871-இல் பேங்க் விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இங்கிலாந்துக்காரர்கள் மகிழ்ந்துபோய் அந்த விடுமுறைக்குப் புனித லப்பக் நாள் என்றே பேர் வைத்துக் கொண்டாடினார்கள். ஊருக்கே லீவு வாங்கிக் கொடுத்தவர் தன் லீவில் என்ன செய்தார்? லீவே எடுக்காத ஒரு ஜாதியை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாத்திர விஷயத்தில் உண்மையான புத்திசாலி லப்பக்தான். சாதாரண ஜன்னல் கண்ணாடி இரண்டு, பத்து அங்குலச் சதுரம். இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரைதான் இடைவெளி. ஓரத்தில் மரச்சட்டம், உள்ளே பொடிமண். எறும்பு நடக்கலாம், ஒன்றன் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிய முடியாது. ஆசை எவ்வளவு இருந்தாலும் மண்ணின் கனத்தைக் குறை என்ற இந்தப் பாடத்தை நூற்றைம்பது வருடத்தில் யாராலும் திருத்த முடியவில்லை. பார்க்காத நேரத்தில் மேலே மூடி போட்டு இருட்டாக்கிவிடுவார். இப்படிப் பல கூடுகளை ஒரு கம்பத்தில் அடுக்கடுக்காகப் பொருத்தி, கம்பத்தின் அடியில் அகழி வெட்டித் தண்ணீர் விட்டிருந்தார். பேங்கர் அல்லவா, பாதுகாப்புப் பெட்டகம் கட்டத் தெரியும்.

உள்ளே இருந்தவர்களை அவர் படுத்திய பாடு தனி. எறும்புகள் குடித்தால் என்ன ஆகும் என்று ஒரு நாள் தோன்றியது. தானாக எந்த எறும்பும் குடித்துக் கெட்டுப்போகாது என்பதால் இவரே சாராயத்தில் முக்கி எடுத்தார். சொந்தப் புற்றைச் சேர்ந்த சில, அயல் புற்றைச் சேர்ந்த சில, எல்லாமே தள்ளாடும் நிலையில் அகழிக்குப் பக்கத்தில் போடப்பட்டன. நிதானத்தில் இருந்த எறும்புகள் வந்து பார்த்துத் திகைத்துப் போயின. பிறகு ஒரு முடிவுக்கு வந்தன. தம்மவர்களில் பெரும்பாலோரைத் தூக்கிப்போய் வீட்டில் படுக்கவைத்தன. வெளியாட்களில் பெரும்பாலோரைத் தண்ணீரில் தூக்கிப் போட்டன. ஆள் மாறிப் போனதும் உண்டு. அப்படி வீட்டுக்குள் போன வெளியாட்களில் சிலரை, தப்பு தெரிந்ததும் திரும்பக் கொண்டுவந்து வெளியே தள்ளின.

வெளிச்ச விஷயத்தைக் கண்டுபிடித்ததும் அவரே. முப்பட்டகத்தால் ஒளியைப் பிரித்துக் கூட்டின் மேல் விழச் செய்தார். எறும்புகள் தங்கள் கூட்டுப்புழுக்களை ஊதாப் பக்கத்திலிருந்தும், மனிதக் கண்ணுக்கே தெரியாத புறஊதாப் பக்கத்திலிருந்தும் அவசரமாக அள்ளிக்கொண்டு சிவப்புப் பக்கம் போயின. சிவப்பு அவற்றுக்கு இருட்டு மாதிரி. இன்று எறும்பு வீடு விற்கிறவர்கள் மேலே ஒரு சிவப்புத் தகடு வைத்துத் தனி விலை போடுகிறார்களே, அதற்கு மூலம் இங்கேதான். 1874-இல் பிடித்த ஒரு ராணி எறும்பு அந்த ஜன்னல் கண்ணாடிக்கு நடுவிலேயே 1888 வரை உயிரோடு இருந்தது. அதற்குள் இங்கிலாந்தின் பிரதமர் நாற்காலி நாலு தடவை கைமாறியது. கண்ணாடிக்குள் ஆட்சி மாறவில்லை.

ஸ்விட்சர்லாந்தின் அகுஸ்ட் ஃபோரலுக்குத் தண்ணீர் அகழியில் நம்பிக்கை இல்லை. அவர் உலர்ந்த ஜிப்சம் பொடியை வட்டமாகக் கொட்டிக் கரை கட்டினார். எறும்பு ஏறப் பார்க்கும், காலடியில் பொடி சரியும், உருண்டு கீழே வந்து விழும். மூடி தேவையில்லாத திறந்தவெளி அரங்கம் அது. மழைச்சாரல் படாத வரைக்கும் நல்ல ஏற்பாடு. பட்டால் பொடி இறுகிப் படிக்கட்டாகிவிடும். ஃபோரல் தொழிலால் மனநல மருத்துவர், ஜூரிக்கின் புர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனையை நடத்தியவர், மதுவிலக்குப் பிரசாரகர். எறும்பைக் குடிக்கவைக்கும் வேலையெல்லாம் இவரிடம் நடக்காது. பிற்காலத்தில் ஸ்விஸ் ஆயிரம் ஃபிராங்க் நோட்டில் ஒரு பக்கம் அவர் முகத்தையும் மறுபக்கம் எறும்புகளையும் அச்சடித்தார்கள். உலகத்தில் எறும்பு தொட்ட பணக்கட்டுகளிலேயே அதுதான் ஆக உயர்ந்தது.

பிரான்ஸில் சார்ல் ஜானே என்பவர் பிரஷ் தொழிற்சாலை இன்ஜினீயர். ஈரத்துக்கு முதன்முதலாக மரியாதை கொடுத்தவர். ஜிப்சம் கட்டியில் வரிசையாக அறை குடைந்து மேலே கண்ணாடி போட்டு, ஒரு கோடியில் தண்ணீர்த் தொட்டி வைத்தார். தண்ணீர் கட்டிக்குள் ஊறி, ஒரு முனை ஈரமாகவும் மறு முனை காய்ந்தும் இருக்கும். குஞ்சுகளை எங்கே வைப்பது என்பதை எறும்பே முடிவு செய்துகொள்ளலாம். எறும்பின் கருத்தைக் கேட்ட முதல் கட்டடக்காரர் என்று சொல்ல வேண்டும். ஊறிய ஜிப்சத்தைச் சில எறும்புகள் கடித்துக் கடித்துத் தாங்களே புது வாசல் வைத்துக்கொள்ளும், அது வேறு விஷயம். எறும்பு ஊரக் கல்லே தேயும்போது ஜிப்சம் எம்மாத்திரம்?

ஏடெல் ஃபீல்ட் அம்மாள் கதையைக் கேட்டால் எறும்பு மறந்துபோகும். அமெரிக்கக்காரர். கல்யாணம் பண்ணிக்கொள்ள 1865-இல் கப்பலேறி சயாமுக்குப் புறப்பட்டார். வழியில் ஹாங்காங்கில் காத்திருந்த செய்தி, மாப்பிள்ளை இறந்துவிட்டார் என்பது. திரும்பாமல் சயாமுக்கே போய் மிஷனரி வேலை பார்த்தார். பாங்காக்கில் வெளிநாட்டுத் தூதரகத்தாரோடு நடனமாடினார், சீட்டு விளையாடினார் என்று மிஷன் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு சீனாவின் சுவாட்டோவில் பல வருடம். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய வயதில் எறும்பைக் கையில் எடுத்தார். ஊர் ஊராகப் பெட்டி தூக்கியே பழகியவர் எப்படி வீடு கட்டுவார்? கையோடு எடுத்துப்போகிற வீடு. கண்ணாடித் தகட்டின் மேல் கண்ணாடிப் பட்டைகளையே சுவராக ஒட்டி, சுவர் உச்சியில் பூந்துவாலைத் துண்டு, காற்று போக. உள்ளே ஈர ஸ்பாஞ்ச். மேலே நிறக் கண்ணாடி. மண் என்பதே கிடையாது. மண் இல்லாவிட்டால் ஒளிய இடமும் இல்லை. எறும்பு வீட்டிலிருந்து மண்ணையே வெளியேற்றியவர் என்ற வகையில் அம்மாள் லப்பக்கையும் தாண்டிவிட்டார்.

இதுவரை எல்லாம் ஆராய்ச்சி. 1930 வாக்கில் டார்ட்மத் கல்லூரியின் இன்ஜினீயரிங் பேராசிரியர் ஃபிராங்க் ஆஸ்டின் இதையே வீட்டு வரவேற்பறைக்கு விற்கலாம் என்று கண்டுகொண்டார். இரண்டு கண்ணாடிக்கு நடுவே மண், மேலே அரண்மனை, பண்ணை என்று சித்திரம். 1931-இல் காப்புரிமையும் வாங்கினார்.

வியாபாரம் என்றால் என்னவென்று காட்டியவர் மில்டன் லெவின். 1956 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் குடும்ப விருந்து. எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் நீச்சல்குளத்து ஓரம் போன எறும்பு வரிசையைப் பார்த்தார். சின்ன வயதில் பென்சில்வேனியாவில் மாமாவின் பண்ணையில் ஜாடியில் எறும்பு பிடித்தது ஞாபகம் வந்தது. மைத்துனர் ஜோ காஸ்மனும் இவரும் அதுவரை விற்றது பொம்மைச் சிப்பாய்கள், உருளைக்கிழங்குத் துப்பாக்கி, காரில் தொங்கவிடும் சுருங்கிய மண்டை. இந்த அனுபவத்துக்குப் பிறகு எறும்பு விற்பது ஒன்றும் தரக்குறைவில்லை. ஆறுக்கு ஒன்பது அங்குலத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டம், உள்ளே வெள்ளை மணல், பச்சைப் பிளாஸ்டிக்கில் களஞ்சியம், காற்றாலை. விலை 1 டாலர் 29 சென்ட். பத்திரிகையில் சின்னதாக ஒரு விளம்பரம். இரண்டு கோடிக்கு மேல் விற்றது.

வாங்கியவருக்குக் கடையில் கிடைத்தது எறும்பு இல்லாத வீடு. கூடவே ஒரு கூப்பன். அதைத் தபாலில் அனுப்பினால் எறும்பு தபாலில் வரும். மோஜாவே பாலைவனத்தில் எறும்புக்கு ஒரு சென்ட் கூலி வாங்கிக்கொண்டு பிடித்துக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். பிடித்தது விதை சேர்க்கும் சிவப்பு எறும்பு. உருவம் பெரிது, பகலில் வேலை செய்யும், வழுவழுப்பான சுவரில் ஏறத் தெரியாது, விடாமல் தோண்டும். ஒரே குறை, கொட்டினால் குழந்தை வீட்டைத் தூக்கி எறிந்துவிடும். ராணி எறும்பைத் தபாலில் மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. எனவே கோடிக்கணக்கான குழந்தைகள் வாங்கியது ராணியோ முட்டையோ வருங்காலமோ இல்லாத ஒரு கும்பலை. அது இரண்டு மூன்று மாதம் சுரங்கம் வெட்டிவிட்டு, ஒவ்வொன்றாகச் செத்து, பிணங்களை ஒரு மூலையில் அடுக்கும். கடைசி எறும்பும் போனதும் மறுபடி தபால். உழைப்பின் மேன்மையைப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரும் பொம்மை என்று பெற்றோர் நம்பினார்கள். கற்றது மேன்மைதான், ஆனால் எறும்பினுடையது அல்ல, திரும்பத் திரும்ப வாங்கவைக்கும் வியாபாரத்தினுடையது.

பிளாஸ்டிக்கோடு நிறுத்தியிருக்கலாம். 1983-இல் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரப் பள்ளி மாணவர்களின் தச்சன் எறும்புகள், ராணி சமேதமாக, விண்வெளி ஓடத்தில் ஏறின. திரும்பிவந்ததும் பெட்டியைத் திறந்தால் ஒன்றுகூட உயிரோடு இல்லை. காரணம் ராக்கெட்டும் அல்ல, எடையின்மையும் அல்ல. ஈரம் போதாமல் காய்ந்துபோயின. சார்ல் ஜானேயின் தண்ணீர்த் தொட்டி அப்போது தொண்ணூறு வயதுப் பழைய யோசனை. 2014-இல் எட்டுப் பெட்டிகளில் நடைபாதை எறும்புகள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் ஓரளவு மானத்தைக் காப்பாற்றின. பிடி விட்டு மிதந்தாலும் தாவிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தன.

இத்தனைக்கும் பிறகு இன்றைய எறும்பு வளர்ப்போர் எங்கே வந்து நின்றிருக்கிறார்கள் தெரியுமா? பள்ளிக்கூடச் சோதனைக்குழாயில். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்து ஒரு பஞ்சு, அப்புறம் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு, இருட்டுக்கு ஒரு காகித உறை. மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றுகிற ஈசலைப் பிடித்துவந்து அடைத்துவிடாதீர்கள், அது கறையான் ஜாதி. எறும்பு ராணி பறந்து கூடி இறங்கியதும் இறக்கையை உதிர்த்துவிட்டு, பல இனங்களில், மண்ணுக்குள் ஓர் உள்ளங்கை இருட்டைத் தோண்டி வாசலையும் மூடிக்கொண்டு, இனித் தேவைப்படாத இறக்கைத் தசைகளை உடம்பிலேயே கரைத்து முதல் குஞ்சுகளை வளர்க்கும். அந்த அறையின் நகல்தான் இந்தக் குழாய். ஆனதோ சில ரூபாய்ச் செலவு.

அதோடு வளர்ப்பவர் அடங்குவாரா? கூட்டம் கொஞ்சம் பெருகியதும் அக்ரிலிக்கில் அடுக்கு வீடு வாங்குவார். சிவப்புத் தகடு, ஈரத்துக்குத் தனிப் பகுதி, எறும்பு ஏறாத டெஃப்லான் பூச்சு, காந்தம் வைத்த மூடி. குழாயை அதோடு இணைத்துவிட்டு, குழாயின் மேல் விளக்கைப் போட்டுக் கிளம்பு கிளம்பு என்று விரட்டுவார். எறும்புகள் அந்த மாளிகைக்கு நாலைந்து பேரை அனுப்பிச் சுற்றிப் பார்க்கும். பல வீடுகளில் நடப்பது இதுதான்: எல்லாரும் பழைய குழாயிலேயே இருந்துகொண்டு, செத்தவர்களையும் தின்று முடித்த கரப்பான் காலையும் கொண்டுபோய்ப் போட ஒரு நல்ல இடம் கிடைத்தது என்று அக்ரிலிக் வீட்டைக் குப்பைத்தொட்டியாக வைத்துக்கொள்வார்கள்.